என் பெயரில் உள்ள எண்கள்

மார்ச் 3

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு இன்று சிம் வாங்கிக் கொடுத்தேன். என் பெயரில்தான். அப்பா, பால்காரர், மாடி அக்கா எல்லோருடைய எண்ணும் என் பெயரில்தான் இருக்கிறது. கடைக்காரன் முகவரி, கையெழுத்து என்று கேள்வி கேட்பான் என்றாலே தெரு முழுக்க என்னைத்தான் தேடுகிறது. இங்கே பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி.

“நம்ம தெருவுக்கு நீதான்டி கவர்மெண்டு” என்றாள் மாடி அக்கா. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் கவர்மெண்டு!

அரசு ஆவணக் காப்பக வேலைக்கு நான் தேர்வாகியும், அதற்கான போலீஸ் விசாரணை இன்னும் வரவில்லை.

மார்ச் 11

மாடி அக்கா வேலை செய்யும் தையல் ஆலையில் கழிப்பறை வாசலிலும் கேமரா வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் பேசும் அசிங்கத்தையெல்லாம் பெண்கள் ரகசியமாகப் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்புகிறார்கள்; புகாருக்காக அவள் சேர்த்து வைக்கிறாள். இதே கம்பெனிக்குத் தைக்கும் வெளிநாட்டுப் பெண்களோடும் அவளுக்குத் தொடர்பு இருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் நாட்டில், நீதிபதி உத்தரவு இல்லாமல் யார் போனையும் போலீஸ் தொடக்கூடாதாம்.

“இங்க?” என்றேன்.

“இங்க கதவையே தட்ட மாட்டானுங்க, இதுல உத்தரவு வேறயா?” சிரித்தாள்.

மார்ச் 19

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வேலை விசாரணை என்று நினைத்து சான்றிதழ்களோடு போனேன். மடச்சி.

அதிகாரி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். “மாடியில இருக்கிற அம்மா நம்பர் உங்க பேர்லதானேம்மா? அப்ப சட்டப்படி அது உங்களுது. நீங்க சம்மதிச்சா போதும், ஜட்ஜ் எல்லாம் எதுக்கு? உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைச் சொன்னீங்கன்னா அந்த நம்பர் எங்க சிம்முக்கு வந்துடும், அவங்க மெசேஜையெல்லாம் நாங்க திறந்து பாத்துக்குவோம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உங்க வேலை ஃபைலும் என் மேஜையிலதான் இருக்கு.”

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முடியாது என்ற ஒரு சொல் ஏன் வரவில்லை?

மார்ச் 20

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குடி. பதிவையெல்லாம் வேற இடத்துக்கு மாத்திடுறேன், பொண்ணுங்க பேரையும் அழிச்சிடுறேன்” என்றாள்.

அதிகாரிக்குப் போன் செய்தேன். “முடியாது சார்.”  ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. வீணாகப் பயப்படுவார்.

மார்ச் 22

குளித்துவிட்டு வருகிறேன், அப்பா என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஸ்டேஷன்லேருந்து பேசுனாங்கம்மா. உன் வேலை விஷயமாம். ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்கன்னாரு. எழுத்துதான் தெரியாது, நம்பர் கூடவா தெரியாது எனக்கு? கடகடன்னு சொல்லிட்டேன்!”

ஈரத் தலையோடு மாடிக்கு ஓடினேன். அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் இல்லை. “இன்னிக்கு ராத்திரிதான் பேரையெல்லாம் அழிக்கலாம்னு இருந்தேன்டி” என்றாள்.

கடவுளே. அவர்கிட்ட ஏன் சொல்லாம விட்டேன்? ஏன்?

மார்ச் 24

அக்காவைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. பதிவு அனுப்பிய பெண்களை ஆலை வாசலிலேயே நிறுத்திப் பெயர் சொல்லி, வேலை இல்லையென்று திருப்பி அனுப்பினார்களாம்.

மார்ச் 25

பெரியம்மா சிம்மைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனார். 

ஏப்ரல் 9

வேலை உத்தரவு வந்துவிட்டது. அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். யாரும் நின்று கேட்கவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 16

அக்காவின் வக்கீலம்மா வந்தார். அந்தப் பெண்களின் பெயர்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் வரை போயிருக்கின்றனவாம். சம்மதமில்லாமல் எடுத்த செய்திகளை வாங்கி வைத்திருப்பது அங்கே குற்றம். அங்கேயே வழக்குப் போடலாம். ஆனால் இங்குள்ள ஃபைலில் “எண்ணின் உரிமையாளர் சம்மதத்துடன்” என்று இருக்கிறது. உரிமையாளர் நான். நான் சம்மதிக்கவில்லை என்று எழுதினால், ஓடிபியைச் சொன்னது யார் என்றும் எழுத வேண்டும்.

சிறையிலிருந்து அக்கா சொல்லி அனுப்பினாளாம்: “அவ அப்பா பேரு வேணாம். புள்ளைக்காகச் செஞ்ச மனுஷன்.”

அதற்குப் பதில் அவள் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

ஏப்ரல் 18

வக்கீலம்மாவிடம் எழுதிக் கொடுத்தேன். அப்பா பெயரோடு, முழுவதும். எழுதும் முன் அப்பாவுக்கு விளக்கினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். “அவங்க உன்னை மிரட்டுனாங்கன்னா என்கிட்ட ஏன் சொல்லல? படிக்காதவன், புரியாதுன்னுதானே?”



மே 6

வேலை உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. அப்பாவை இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். 

மே 30

வெளிநாட்டில் வழக்கை ஏற்றுக்கொண்டார்களாம். அக்காவுக்கு இன்னும் ஜாமீன் இல்லை.

அப்பா இன்று தானே கடைக்குப் போய், வரிசையில் நின்று, கைநாட்டு வைத்து, தன் பெயரில் ஒரு சிம் வாங்கி வந்தார். எண் என்ன என்று கேட்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “எதுக்கு?” என்றார்.