மீனுக்குப் பாய் வேணும்

மார்ச் 3, செவ்வாய்

பதினோராவது மாடியில் ஒரு பெண்மணி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, ஆள் வந்து சேரும்வரை என்னைப் போனில் திட்டித் தீர்த்தார். பொறுமையாகப் பேசினேன் என்று மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். பொறுமையாவது ஒன்றாவது. கதவுப் பூட்டில் என்ன கோளாறு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரியும். போய்ச் சரிசெய்யத்தான் அனுமதி இல்லை. அந்தக் கடுப்பில் வாய் வரவில்லை. அதற்குப் பேர் பொறுமையாம்.

ஜனவரியில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போது வலிப்பு வந்தது. முதல் தடவை. பிப்ரவரியில் வீட்டில் ஒன்று. அதோடு கருவிப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, புகார்ப் போன் எடுக்கும் மேசையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். வண்டி ஓட்டக் கூடாது. ஏணி ஏறக் கூடாது. குளியலறைத் தாழ்ப்பாளை அம்மா கழற்றி எடுத்துவிட்டாள் — என் ஸ்க்ரூடிரைவரை வைத்தே!

"பாட்டுப் பாடிக்கிட்டே குளிடா. சத்தம் வந்தா எனக்கு நிம்மதி."

எனக்குப் பாட வராது. "இருக்கேன், இருக்கேன்" என்று கத்திக்கொண்டே சோப்புப் போடுகிறேன். இருபத்தாறு வயதில் இது தேவையா?

மார்ச் 5, வியாழன்

கிரீஸ் ஒரு படம் அனுப்பினான். என்னோடு வேலை பார்த்தவன்; சட்டையில் எப்போதும் கறை இருப்பதால் அந்தப் பெயர். படத்தில் ஒரு ஆள், குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஒரு கெண்டை. பதினெட்டு கிலோவாம்.

நகரத்துக்கு வெளியே, காசு கட்டி மீன் பிடிக்கும் ஏரி. சின்ன மீன் கிடையாது. பெரிய கெண்டைகளாகவே வளர்த்துவைத்திருக்கிறார்கள். பிடிக்கலாம், எடை போடலாம், படம் எடுக்கலாம், பிறகு தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய மீனுக்கு 'மேனேஜர்' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். எப்போதாவதுதான் கண்ணில் படும், பட்டாலும் யாருக்கும் பிரயோசனமில்லை என்பதால்.

வேலைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் நான் இதுவரை பிடித்ததில் பெரியது ஒன்றரைக் கிலோ. போக வேண்டும். மீன்மேல் ஆசையா? பாதி ஆசை. மீதிப் பாதி, 'கூடாது' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள்மேல் உள்ள எரிச்சல்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் அவள். எத்தனை பேர் கத்தினாலும் குரல் உயராது. இன்று உயர்ந்தது.

"தண்ணிப் பக்கமா? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்காடா?"

"டாக்டர் தண்ணிப் பக்கம் போகாதேன்னு சொல்லல. தனியா போகாதேன்னுதான் சொன்னார். கிரீஸ் வரான்."

"வார்த்தையப் பிடிச்சுத் தொங்காதே. அங்க வந்துடுச்சுன்னா?"

"இங்க வந்தா மட்டும்? சமையலறையில வந்தப்போ மேசை முனையில மண்டை இடிச்சுது. மேசையத் தூக்கி வெளிய போட்டியா?"

அவளுக்குப் பதில் சொன்னால் அழுகை வரும். எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அங்க ஒண்ணு ஆச்சுன்னா, அதோட சரி. அப்புறம் வேலையும் வேணாம், வெளியவும் வேணாம். என் கண்ணெதிர்லதான் இருக்கணும்."

சரி என்றேன். கோபத்தில் சொன்னேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 9, திங்கள்

ஏரிக்காரருக்குப் போன் செய்தேன். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"வேணாம் தம்பி."

"நெஞ்சுவலிக்காரங்க வர்றதில்லையா? அவங்களையெல்லாம் கேக்கறீங்களா?"

"அவங்க சொல்றதில்ல. நீங்க சொல்லிட்டீங்களே."

ஆகப் பொய் சொன்னால் உள்ளே, உண்மை சொன்னால் வெளியே. பிரமாதமான ஏற்பாடு! போனை வைத்துவிட்டார்.

மார்ச் 14, சனி

இரண்டு பேருந்து மாறி நேரில் போனேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "தண்ணியிலேருந்து பத்தடி தள்ளி நில்லு" என்று மூன்று முறை போன் வந்தது.

ஏரிக்காரர் கட்டையான மனிதர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மரப்பலகை மேடைகளில் எண் எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் வலிப்புக்காரன் என்றேன். பெயின்ட் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களப் பத்தி எனக்குக் கவலை இல்ல தம்பி. மீன் மாட்டியிருக்கும்போது நீங்க சாய்ஞ்சா, தூண்டில் கோல் தண்ணிக்குள்ள போயிடும். மீன் அந்தத் தூண்டில் நரம்ப இழுத்துக்கிட்டே திரிஞ்சு செடியில சுத்திச் செத்துப்போகும். அதுங்க என்னைவிட நல்லாச் சாப்பிட்டு வளர்ந்ததுங்க."

ஜனவரியிலிருந்து என்னைப் பார்த்துப் பாவப்படாத முதல் ஆள். கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

மீன்தான் பிரச்சினை என்றால் அதற்கு வழி செய்யலாம் என்றேன். கோலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை கரையில் அடித்த முளையில். நான் போனாலும் கோல் போகாது. அவர் யோசித்தார். பிறகு அவர் பங்குக்கு விதிகள்: துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். தண்ணீர் ஆழமில்லாத நாலாம் எண் மேடை. மிதவைச் சட்டை.

"மிதவைச் சட்டையெல்லாம் போட மாட்டேன்."

"அப்ப வராதீங்க."

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆரஞ்சு நிறச் சட்டை! கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள். பாதி வழியில்தான் உறைத்தது. லிஃப்ட் குழிக்குள் இடுப்புப் பட்டை மாட்டாமல் ஒரு நாளாவது இறங்கியிருக்கிறேனா? பட்டை மாட்டாத ஒரு பயிற்சிப் பையனை நானே கெட்ட வார்த்தையில் திட்டித் துரத்தியிருக்கிறேன். பட்டை மாட்டும்போது வராத வெட்கம் சட்டை போடும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

இறங்கியதும் போன் செய்து, போடுகிறேன் என்றேன். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, நாலாம் மேடை.

மார்ச் 17, செவ்வாய்

கிரீஸ் வர மாட்டானாம்.

அன்றைக்குக் கூண்டின் மேலிருந்து என்னை இழுத்து எடுத்தவன் அவன்தான். டீக் குடிக்கும் இடத்தில் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மச்சி, உனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீ எழுந்து 'எந்த ஒயருடா கருகுது'ன்னு கேட்டே. நான்தான் முழுசாப் பாத்தேன். இன்னொரு தடவ என்னால முடியாதுடா."

ஒயர் விஷயம் உண்மை. வலிப்பு வருவதற்கு முன் எனக்கு ஒயர் கருகும் வாடை அடிக்கும். வேறு யாராக இருந்தாலும் இது என்னடா என்று உட்கார்ந்திருப்பான். நான் டார்ச்சை எடுத்து எந்த இணைப்பு சூடாகியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன், விழும்வரை. வீட்டிலும் அதே கதை. மிக்ஸியின் பிளக்கைக் கழற்றி முகர்ந்துகொண்டிருந்தேனாம்.

கிரீஸைக் கோழை என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். அவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிப்பெல்லாம் எனக்கு அவ்வளவுதான் கேட்க வரும்.

மார்ச் 18, புதன்

துணைக்கு ஆள் இல்லையென்றால் போக முடியாது. அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் வரேன்" என்றாள்.

"நீயா? சேறு மிதிச்சா மூணு தடவ கால் கழுவுவியே!"

"கழுவிட்டுப் போறேன். நீ எப்படியும் போவே. ஏரிக்காரருக்கு வாக்கு வேற குடுத்துட்டே. நான் பாக்காத இடத்துல நடந்தா நான் செத்துடுவேன்."

எதிர்க்கட்சியே காவலுக்கு வருகிறது. வரட்டும்.

மார்ச் 20, வெள்ளி

தயாரிப்பு முடிந்தது. எல்லாவற்றிலும் ஒன்றுக்கு இரண்டு. ரீல் இரண்டு, நரம்பு இரண்டு, வலை இரண்டு, மாத்திரை டப்பா இரண்டு. தூண்டில்முள்ளில் மீன் வாயைக் கிழிக்கும் எதிர்முள் இருக்கக் கூடாது என்பது ஏரி விதி. இடுக்கியால் எல்லாவற்றையும் நசுக்கிவிட்டேன். ரீல் எவ்வளவு இழுப்புக்கு நரம்பை விட வேண்டும் என்பதைத் தொங்கு தராசில் கட்டிச் சரிபார்த்தேன். அம்மாவைக் கோலைப் பிடிக்கவைத்து, நான் மீனாக நடித்து நரம்பை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன்.

"மீன் இவ்வளவு பேசுமாடா?" என்றாள்.

சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான்.

மார்ச் 22, ஞாயிறு

நாக்கு வீங்கியிருக்கிறது. அதனால் பேச முடியாது, எழுத முடியும். ஆனாலும் தூக்கம் வருகிறது. நாளை.

மார்ச் 23, திங்கள்

முதலில் என் முட்டாள்தனம். எல்லாவற்றுக்கும் மாற்று வைத்தவன் தூக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. சனிக்கிழமை இரை உருண்டை பிடித்து, முடிச்சுகளை அவிழ்த்துத் திரும்பப் போட்டு, முதல் பேருந்தைப் பிடிக்க அலாரம் வைத்து... கண்ணை மூடியதே பேருக்குத்தான். தூக்கம் கெட்டால் வரும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். லிஃப்டில் அத்தனை பாகத்தையும் மாற்றிவிட்டுக் கரன்ட் இணைப்பைப் பார்க்காமல் போகிறவனை நான் என்ன சொல்வேனோ, அதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காலை முழுக்க ஒன்றும் இல்லை. ஆரஞ்சுச் சட்டையில் நான், குடை பிடித்துக்கொண்டு அம்மா. கால் நனையாமல் நாற்காலிமேல் சம்மணம் போட்டிருந்தாள். பக்கத்து மேடைக்காரர், "அம்மாவுக்கு மீன் பிடிக்குமா?" என்று கேட்டார். "கடையில பிடிக்கும்" என்றாள்.

வெயில் ஏறிய பிறகு மாட்டியது. கோல் வில்லாக வளைந்தது, ரீல் கதறியது. வாய்க்கால் மீனெல்லாம் மீனே இல்லை! எதிர்ப்பக்கம் ஒரு மாடு நடந்து போவதுபோல, அவசரமே இல்லாமல் போனது. நான் கத்தினேன். அம்மாவும் கத்தினாள். ஏரிக்காரர் வலையோடு ஓடி வந்தார்.

அப்போதுதான் ஒயர் கருகும் வாடை அடித்தது.

சுற்றிப் பார்த்தேன். தண்ணீர், செடி, மரப்பலகை, குடை. ஒரு மைலுக்கு ஒயரே கிடையாது.

மூன்றாவது தடவையாக வந்திருக்கிறது, முதல் தடவையாக, அடிக்கும்போதே அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த உடனே என்ன நினைத்தேன் என்று எழுதிவிடுகிறேன்: சொல்லாதே, மீனைக் கரையேற்று, அதற்குள் போய்விடும். சொன்னால் எல்லாம் முடிந்தது, பேச்சு அப்படித்தானே. கையில் மீன் இழுத்துக்கொண்டே இருந்தது.

"அம்மா, வருது" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. மீதி அவர்கள் சொன்னது. கோலை அம்மா கையில் திணித்தேனாம். "விடாதே" என்றேனாம். தண்ணீரிலிருந்து பின்னால் நகர்ந்து நானாகவே புல்லில் உட்கார்ந்தேனாம். ஏரிக்காரர் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்குக் கீழே கையில் கிடைத்ததை வைத்திருக்கிறார்.

முதலில் கண்ணில் பட்டது வானம். அடுத்தது அம்மாவின் முதுகு. புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கணுக்கால்வரை சேற்றில், கோலை வயிற்றில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "கண்ணு முழிச்சிட்டானா?" "மூச்சு சீரா இருக்கா?" என்று மருத்துவமனைக் குரலில் கேட்டுக்கொண்டே ரீலைச் சுற்றினாள். கேள்வி என்னைப் பற்றி, கண் தண்ணீர்மேல்.

ஏரிக்காரர் என் முகத்தருகே குனிந்தார். "பேர் என்ன? இன்னிக்கு என்ன கிழமை?"

சரியாகச் சொன்னேன்.

"நல்லது. எழுந்து அந்தப் பக்கம் உக்காருங்க தம்பி. மீனுக்குப் பாய் வேணும்."

மீனைக் கிடத்தும் ஈரப் பாயில்தான் தலைவைத்துப் படுத்திருந்தேன். பக்கத்து மேடைக்காரர் கைத்தாங்கலாக என்னை நகர்த்தி உட்காரவைத்தார். கெண்டை வந்து அதே பாயில் படுத்தது. பதினாறு கிலோ. மேனேஜர் இல்லை, அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்றார் ஏரிக்காரர். அம்மா அதைத் தொட மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் அள்ளினாள். படத்தில் நான் ஓரத்தில், வாயோரம் ரத்தத்தோடு, இளித்துக்கொண்டிருக்கிறேன்.

வீடு வந்து சேர்ந்தோம். அம்மா கால் கழுவினாள், ஒரே தடவை. அப்புறம் சொன்னாள்: "ரெண்டு நிமிஷம்கூட இல்லடா. ஜனவரியிலேருந்து நான் தினம் நினைச்சுப் பயந்தது ரெண்டு நிமிஷம்கூட இல்ல." அதற்குப் பிறகு அழுதாள். நான் தடுக்கவில்லை.

'அதோட சரி' என்ற பேச்சு என்னாயிற்று என்று கேட்க வாய் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்காமல் விட்டேன்.

மார்ச் 26, வியாழன்

டாக்டர் மருந்தளவைக் கூட்டினார், தூக்கத்துக்காக வாங்குவாங்கு என்று வாங்கினார். நியாயம்தான். வாடையைப் பற்றிச் சொன்னேன். முன்கூட்டியே தெரிவது நல்லது, தெரிந்ததும் உட்கார்ந்து பழகு என்றார். ஏணி வேலை இப்போதைக்குக் கிடையாது. எப்போது என்று கேட்டேன். ஒரு வருடம் வராமலிருக்கட்டும், பேசலாம் என்றார். எண்ண ஆரம்பித்துவிட்டேன். கிரீஸுக்குப் படத்தை அனுப்பினேன். 'உங்கம்மா பெரிய ஆளுடா' என்று பதில் வந்தது. மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நாளைக்கு அம்மா மருத்துவமனையில் விடுப்புச் சொல்லியிருக்கிறாள். காரணம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். மகனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாளாம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இரை உருண்டையை அவளே பிடித்துவைத்துவிட்டு, எட்டு மணிக்கே என்னைப் படுக்கச் சொல்லி விளக்கை அணைக்க நிற்கிறாள்.