அத்தை படம் பார்த்துவிட்டாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அம்மாவின் முழங்கால் வலி மட்டும் இடது, வலது என்று முறை வைத்து வேலை பார்க்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘மில் வாசல்’ படத்துக்கு அத்தையைக் கூட்டிப் போகவே கூடாது என்று போனில் மூன்று தடவை சொன்னாய். கூட்டிப் போய்விட்டோம். கோபப்படாமல் மேலே படி.

போரின்போது பட்டாளத்துக்காரர்கள் அந்த மில் வாசலில் நிற்கவைத்துச் சுட்டுக் கொன்ற முப்பது பேரில் உன் மாமாவும் ஒருவர். அன்றிலிருந்து அத்தை அவரைப் பற்றி வாய் திறந்ததில்லை, அந்தத் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். போன வருஷம் அதே இடத்தில் அதைப் படமாக எடுத்தபோது சட்டைகள் நம் கடையில்தான் தைத்தோம். இழுத்தால் கிழிய வேண்டும், லேசாகத் தையுங்கள் என்றார்கள். என் தொழிலில் மட்டமாகத் தைக்கச் சொல்லிக் கெஞ்சிய முதல் ஆட்கள்! படப்பிடிப்புக்குச் சட்டைகளைக் கொடுக்கப் போனபோது அத்தையும் கிளம்பி வந்துவிட்டாள். நீ பயப்படுவாய் என்று அப்போது சொல்லவில்லை. வெடிச் சத்தம், எல்லோரும் விழுந்தார்கள், அத்தையின் நகம் என் தோளில் பதிந்தது. டைரக்டர் கட் சொன்னதும் அத்தனை பேரும் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு டீ எங்கே என்று கேட்டார்கள். மாமாவாக நடித்த பையன் இரண்டு டீ குடித்தான். அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பிறகு தினமும் போனாள். ஒத்திகையோடு சேர்த்து அவன் பதினொரு தடவை செத்துப் பதினொரு தடவை எழுந்தான் என்று கணக்குச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் அந்தப் பையன் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திரையில் அவன் விழுந்தான், யாரும் கட் சொல்லவில்லை. நான் அழுதேன், மறைப்பானேன். அத்தை திரும்பி அவன் கையைத் தொட்டு, இருக்கியாப்பா என்று கேட்டாள். இருக்கேம்மா என்றான். அப்புறம் மீதிப் படத்தை அசையாமல் பார்த்தாள்.

மறுநாள் கடைக்கு வந்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு சட்டை தை தம்பி, இழுத்தாலும் கிழியக் கூடாது என்றாள். ரெட்டைத் தையல் போட்டேன், பட்டன்களை அவளே வைத்தாள். காலர் பட்டனைத் தைத்து நூலைக் கடித்துவிட்டு, அவருக்கும் இதே கழுத்து அளவுதான் என்றாள்.

குளிரில் காது மூடாமல் வெளியே போகாதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிருங்கள். அடுத்த தடவை போன் பண்ணும்போது அத்தையிடம் மாமாவைப் பற்றிக் கேள், மறந்துவிடாதே. இனிமேல் கேட்கலாம்.

கையில் கத்தரிக்கோலுடன்,
உன் அப்பா