பூண்டு போட்ட பிரசாதம்

அத்தை,

குக்கரில் கடலை வேகிற வாசனை வந்தாலே எனக்கு இப்போதும் உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. இன்று காலையிலிருந்து வீடெல்லாம் அதே வாசனை. ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து நான் கட்டிலில் கிடக்கிறேன். அடுப்படியில் உங்கள் மகன்.

கர்ப்பப்பை எடுத்தபோது நீங்களும் இதே கட்டிலில்தான் கிடந்தீர்கள். தையல் கூடவில்லை, ஓர் ஓரம் கசிந்துகொண்டே இருந்தது. புரதம் போதவில்லை, தினமும் முட்டை கொடுங்கள் என்றார் திருவள்ளூர் டாக்டர். நீங்களோ, பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை கோத்த வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதாக வேண்டிக்கொண்டு, அதை முடிக்கும்வரை கவுச்சி தொடமாட்டேன் என்றுவிட்டீர்கள். முட்டை தின்றால்தான் புண் ஆறும், புண் ஆறினால்தான் கோயிலுக்குப் போகலாம், கோயிலுக்குப் போய்வந்தால்தான் முட்டை. உங்களோடு மல்லுக்கட்டி எனக்குத் தலை சுற்றிப்போனது.

திரும்பவும் டாக்டரிடம் ஓடினேன். பயறு, கடலை, சோயா எதுவானாலும் சரி என்றார். பாசிப்பயறு வேகவைத்தால், புண் சீழ் பிடிக்கும் என்று தட்டைத் தள்ளினீர்கள். மீல்மேக்கரோ, பார்க்கக் கறி மாதிரி இருக்கிறதாம், அம்மன் கோபித்துக்கொள்ளுமாம். ரசஞ்சோறு, அதைவிட்டால் கஞ்சி. காக்களூர் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, உங்கள் பக்கத்தில் நின்று கெஞ்சவேண்டும். பேஜாராகிவிட்டது. எங்களை விட்டுப் போய்விடுவீர்களோ என்று பயமாகவும் இருந்தது.

அப்புறம்தான் அந்தப் பொய். கடலையைச் சுண்டலாகத் தாளித்துத் தொன்னையில் போட்டு, ஓரத்தில் ஒரு வேப்பிலையும் வைத்து, கூட வேலை செய்கிறவள் கொண்டுவந்த பெரியபாளையத்துப் பிரசாதம் என்று நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்று விடாமல் தின்றீர்கள். அதற்கப்புறம் பிரசாதம் தினமும் வந்தது. கசிவும் நின்றது.

ஆடியில் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றிவந்து, அங்கே கொடுத்த சுண்டலை மென்றுகொண்டே சொன்னீர்கள்:

"இதுல பூண்டே இல்ல பாரு. உன் ஃப்ரெண்டு கொண்டாந்ததுல மட்டும் எப்டி இருந்துச்சு?"

வாயு பிடிக்கக் கூடாதென்று நான் தட்டிப்போட்ட பூண்டு! தெரிந்தேவா தின்றீர்கள் என்று பல்லைக் கடித்தேன்.

"தொன்னையோட நீ நின்னுகினே இருந்தியே. கால் வலிக்காது?"

போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

இப்போது எனக்குச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. சுண்டல் வேண்டவே வேண்டாம் என்று நேற்றே கத்திவிட்டேன். இதோ, உங்கள் மகன் தொன்னையோடு வந்து நிற்கிறார். பெரியபாளையத்துப் பிரசாதமாம். பூண்டு வாசனை மூக்கைத் துளைக்கிறது.

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அத்தை.