ரிலீவ்

மார்ச் 4
புற்றுநோய் அப்பாவின் எலும்புவரை இறங்கிவிட்டதாம். டாக்டர் மாத்திரை மாற்றினார். "இது வலிய ரிலீவ் பண்ணும், அவ்வளவுதான்." அந்த அவ்வளவுதானுக்கு என்ன அர்த்தம் என்று அப்பா வழிநெடுகக் கேட்டார். காதில் விழாதவன்போல் நடந்தேன்.

மார்ச் 9
எங்கள் பாய்லர் அறையில் ரிலீவ் என்றால் வேறு. அடுத்த ஷிப்டு ஆள் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் நமக்கு விடுதலை. கொதிகலனைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. என்னை ரிலீவ் செய்பவனுக்கு ஆமை என்று பட்டப்பெயர். இன்றும் இருபது நிமிடம் தாமதம்.

மார்ச் 17
அப்பா போய்விட்டார்.

மார்ச் 20
எழுதித் தொலைத்துவிடுகிறேன். அன்று காலை பதினொன்றுக்கு மனைவி போன் செய்தாள். "மாமா உங்களையேதான் கேக்குறாங்க. உடனே வாங்க." சூப்பர்வைசர், ஆள் வந்தால் போ என்றார். ஆமையைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். கெஞ்சினேனே! "டூட்டி ரெண்டு மணிக்குத்தானேண்ணே" என்றான். வந்தபோது மூன்றேகால். முடி வெட்டியிருந்தான். கழுத்தில் பவுடர்.
வீட்டில் அப்பாவின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள்.

மார்ச் 28
"ஒரு வகையில உங்களுக்கும் ரிலீஃப்தானே அத்தான்" என்றான் மனைவியின் தம்பி. அறைந்திருப்பேன். ஆனால் நேற்று முனகல் சத்தம் இல்லாத வீட்டில் விடியும்வரை தூங்கினேன். அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 30
ஷிப்டு மாற்றம். நாளையிலிருந்து ஆமைக்குக் காலை. அவனை ரிலீவ் செய்யப்போவது நான்.

மே 12
பன்னிரண்டு மணிக்கு ஆமை கூப்பிட்டான். தெருமுனையில் அவன் மகளை வேன் இடித்துவிட்டதாம். "பாப்பா அப்பா அப்பாங்குதாம்ணே. இப்பவே வந்துருங்கண்ணே." பார்க்கிறேன் என்றேன். குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கிக்கொண்டேன். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டே முக்காலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.
பதிவேட்டில் நீர்மட்டத்தை இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தேன். பயமா? சந்தோஷமா?

மே 13
குழந்தை இரண்டு பத்துக்கே இறந்துவிட்டதாம்.

மே 27
ஆமை வேலைக்கே வரவில்லை. "அவன ரிலீவ் பண்ணியாச்சு. புது ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு ஷிப்டும் நீதான்" என்றார் சூப்பர்வைசர். சரி என்றேன்.
விபத்து விஷயம் மனைவிக்கு இன்றுதான் யார் மூலமோ தெரிந்திருக்கிறது. அந்தச் சின்னப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். பிழைத்துக்கொண்டாள் என்றேன்.