கீழே வைத்த கோப்பை

அக்டோபர் 27, ஞாயிறு

ஹாஸிம் வளைகுடாவுக்குப் போய்விட்டான். வேலை கிடைத்ததாம். எங்கள் பல்கலைக்கழக மின்வண்டி மன்றத்துக்கு ஸ்பான்சர் பிடிக்கும் பொறுப்பு அவனுடையது. அவன் யாரையும் பிடிக்கவில்லை. மின்வண்டி மூன்று சக்கரமும் ஒரு இருக்கையுமாகப் பட்டறையில் நிற்கிறது, பேட்டரி இல்லாமல். டிசம்பரில் கடலோர நகரமான அகபாவில் பல்கலைக்கழகங்களுக்கான போட்டி. நவம்பர் 21க்குள் நுழைவுக் கட்டணம் கட்டவேண்டும். பேட்டரிக்கும் கட்டணத்துக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு தினார். கட்டாவிட்டால் எங்கள் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

'இனி யார்?' என்று கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எப்போதுமே தரையைப் பார்ப்பவள். அதனால் வித்தியாசம் தெரியாது, தப்பிவிடலாம் என்றிருந்தேன். தலைவன் முந்தஸிர் என்னைத்தான் சுட்டினான்.

"நுஹா, நீ என்கூட வா. பேச வேண்டாம். ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்."

பேச வேண்டாம் என்றதால் தலையாட்டினேன்.

வீட்டில் 'பாடவேலை' என்று சொல்லிவைத்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை வந்த முதல் ஆள் நான். எதைச் சொன்னாலும் அதுவும் பாடம்தான் போலிருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். அது உறுத்துகிறது.

அக்டோபர் 30, புதன்

எங்கள் கரக் ஊருக்குள் ஐந்து இடம் போனோம். முந்தஸிர் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: இளைஞர்கள், நாட்டின் நாளை, தூய சக்தி. குரல் நன்றாக இருக்கிறது. தண்ணீர் குடித்துக்கொண்டே பேசுகிறான்.

காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர் ஒரு பெண்மணி. பாதியில் குறுக்கிட்டு, "எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். முந்தஸிர் நாட்டின் நாளையிலிருந்து இறங்கி வரவில்லை. தொகையைச் சொல்லவே இல்லை! ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, நான் எழுதியதுதான். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஒன்று கவனித்தேன். யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. 'இன்ஷா அல்லாஹ், மெயில் அனுப்புங்க' என்கிறார்கள். சொல்லும்போதே பேனாவின் மூடியைப் போடுகிறார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

எந்த மெயிலுக்கும் பதில் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவேண்டும். எழுதினால்தான் நம்புவேன்.

ரமலானில் மாதவிலக்கால் விட்டுப்போன நோன்பு கொஞ்சம் பாக்கி இருந்தது. இப்போது பகல் குட்டை என்று இன்று ஒன்றைப் பிடித்தேன். பத்து மணிக்கு முந்தஸிர் போன் செய்தான். கத்ரானாவில் லாரிக் கம்பெனி வைத்திருக்கும் அபூ நாயிஃப் இன்றைக்கே வரச்சொல்லிவிட்டாராம்.

மேசையும் நாற்காலியுமாக ஓர் அலுவலகத்தை எதிர்பார்த்துப் போனேன். நீளமான விருந்தினர் அறை. சுவரோரம் இருக்கைகளில் ஆறேழு ஆண்கள். நடுவில் அபூ நாயிஃப், நாற்பத்தைந்து வயதிருக்கும், மடியில் இரண்டு போன். உட்கார்ந்ததுமே காப்பி ஊற்றுபவர் வந்து சின்னக் கோப்பையை என்னிடம் நீட்டினார். வாங்காமல் இருந்தால் அவமதிப்பு. நோன்பு என்று சொன்னால்— ரமலான் இல்லை, விரும்பி நோன்பிருக்கும் திங்களோ வியாழனோ இல்லை, செவ்வாய், ஒரு இளம்பெண் நோன்பு. ஏன் என்று எந்த ஆணுக்கும் புரியும். நாக்கு எழவில்லை. வாங்கி, எனக்கு முன்னால் இருந்த குட்டி மேசையில் வைத்துவிட்டேன்.

அறையில் பேச்சு நின்றது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பெண் கேட்டுப் போகும் பெரியவர்கள் அப்படி வைப்பார்கள். கொலைப்பழி தீர்க்கப் போகிறவர்கள் வைப்பார்கள். நான் கேட்க வந்ததைத் தரும்வரை உன் காப்பியைத் தொடமாட்டேன் என்று அர்த்தம். வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு. அதைப் போய் நான், ஃபைல் பிடிக்க வந்தவள்…

அபூ நாயிஃப் போன்களை ஓரமாக வைத்தார்.

"காப்பியைக் குடி, மகளே. எதுக்கு வந்தியோ அது உனக்குக் கிடைச்சாச்சு."

எதற்கு வந்தோம் என்றுகூடக் கேட்கவில்லை! பெருநாள் பிறையைப் பார்த்தவன் போல முந்தஸிர் முகம் மலர்ந்தது. நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதாதா?" அவர் குரல் மாறியிருந்தது. "இன்னும் ஏதாவது இருக்கா?"

"குடி," என்றான் முந்தஸிர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அல்லாஹ் மன்னிப்பான். ஒரு வாய் குடி." வழியில் அவன் நீட்டிய தண்ணீரை நான் வாங்காதபோதே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஓரத்தில் இருந்த பருத்த மனிதர் சிரித்தார். "லாரியையும் சேர்த்துக் கேட்கப் போறாப்பா. சாவியை ஒளிச்சு வை."

குடித்துவிடலாமா என்று நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். நினைத்தேன். நோன்பை இன்னொரு நாள் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் வாக்குக் கொடுத்தது நான் கேட்காத ஒன்றுக்கு. கேட்டவள் நானே இல்லை, கோப்பை.

"மன்னிக்கணும் ஐயா. நான் நோன்பு."

என் குரல்தானா? ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்து, கிழமையைப் பார்த்து, அவசரமாகத் தன் செருப்பைப் பார்த்தார். காது எரிந்தது. ஆனால் ஆச்சரியம்— அதைச் சொல்லி முடித்தபிறகு, சொல்வதற்கு அதைவிடக் கஷ்டமானது எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது.

"அப்போ கோப்பை ஒண்ணும் கேட்கல," என்றார் பருத்தவர். "அபூ நாயிஃப், உன் வாக்கு உன்கிட்டயே திரும்பிடுச்சு."

அபூ நாயிஃப் என் பக்கம் திரும்பினார். "சரி. கோப்பை கேட்கல. நீ கேளு."

கேட்டேன். தொகையை முதலில் சொன்னேன். எதற்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று சொன்னேன். பிறகு எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, நிறுத்திக்கொண்டேன்.

"இந்த வண்டியால என் லாரிக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல ஐயா." முந்தஸிர் இருமினான். "வண்டி ஒரு ஆட்டுக்கடா உயரம்தான். ஆனா அகபாவுல எல்லாரும் குனிஞ்சு பார்ப்பாங்க. பார்க்கிற இடத்துல உங்க பேரு இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். அபூ நாயிஃப் சிரிக்கவில்லை.

"கோப்பைக்குன்னா முழுசும் குடுத்திருப்பேன். அது மானம். வாய்க்குன்னா அது வியாபாரம். வியாபாரத்துக்குப் பாதி."

"எப்போ கிடைக்கும்?"

நானா கேட்டேன்! நான்தான்.

நவம்பர் 6, புதன்

பட்டறையில் எல்லோர் முன்னாலும் முந்தஸிர் கத்தினான்.

"முழுசா கையில இருந்துச்சு! ஒரு வாய் குடிச்சிருந்தா இன்னிக்குப் பேட்டரி வாங்கியிருக்கலாம். சாமியாரம்மா மாதிரி உட்கார்ந்து உண்மை பேசுறா!"

"பாதி வந்திருக்கே."

"மீதி? மீதியை வானம் தருமா? நீயே புடி. உனக்குத்தான் இப்ப வாய் முளைச்சிடுச்சே."

"பிடிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். முட்டாளே, எதை வைத்துப் பிடிப்பாய்? யாரைத் தெரியும் உனக்கு? முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்து பலகையில் 'மீதி: நுஹா' என்று எழுதினேன், அழிக்க முடியாத மையில். தெரியாமல் எடுத்த பேனா. இருக்கட்டும்.

நவம்பர் 7, வியாழன்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் தெரியாமல் எப்படி இருக்கும்? அவர் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த இடத்தில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள்: "உன் பொண்ணு அபூ நாயிஃப் முன்னாடி கோப்பையை வச்சாளாமே, அடுத்த பஞ்சாயத்துக்கு அவளையே கூப்பிடலாமா?"

ஷூவைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"பட்டாளத்துல அத்தனை வருஷம் இருந்தேன். லீவுகூட வாய்விட்டுக் கேட்டதில்ல, குடுத்தப்ப எடுத்துக்கிட்டேன். நீ லாரிக்காரன்கிட்ட கை நீட்டுறே."

"எனக்குன்னு கேட்கலப்பா."

"யாருக்குன்னா என்ன? கைதானே?"

நடந்ததை முழுவதும் சொன்னேன், பாடவேலை என்று சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்.

"அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நோன்புன்னு சொன்னியா?"

"ஆமாப்பா."

"பாதி போயிடும்னு தெரிஞ்சுமா?"

"முழுசும் போயிடும்னு நினைச்சேன்."

சமையலறையில் அம்மா சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்பா உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். வெகுநேரம் கழற்றினார்.

நவம்பர் 8, வெள்ளி

தொழுகைக்குக் கிளம்பும்போது, என் பக்கம் திரும்பாமல் அப்பா சொன்னார்: "கடைகளுக்குத் தனியா போறதா இருந்தா கதவைத் திறந்தே வச்சுட்டு உட்காரு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பெரிய அலுவலகங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மேலிடத்தைக் கேட்க வேண்டியிராத கடைகளுக்குத்தான் போகிறேன், முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைகளுக்கு.

டயர் கடைக்காரர் பணம் இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு நின்றேன். அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நின்றேன். அவரால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை போல. "டயர் வேணா தரேன்" என்றார். அதுவும் தாங்காமல், "கொஞ்சம் பணமும் தரேன், போம்மா" என்றார்.

குனாஃபா இனிப்புக் கடை உம் ரஷாத் அகப்பையைக் கீழே வைக்காமலே விசாரித்தாள்.

"ஓட்டுறது பையனா, பொண்ணா?"

"பொண்ணு அத்தை. லுஜைன்னு பேரு."

"லைசன்ஸ் இருக்கா?"

"இந்த வண்டிக்குத் தேவையில்ல."

"என் புருஷனுக்கு இருக்கு, ஓட்டத்தான் தெரியாது. இந்தா, நூறு. பேரெல்லாம் போடாதே, யாரு படிக்கிறா? ஒரு தட்டு குனாஃபா படம் போடு."

இத்தனை நாள் கூச்சத்தைப் பெரிய குறை என்றே நினைத்திருந்தேன். நான் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் பேசியாக வேண்டியிருக்கிறது. முந்தஸிர் யாரையும் பேசவே விட்டதில்லை.

நவம்பர் 14, வியாழன்

இன்று போன இடமெல்லாம் இன்ஷா அல்லாஹ். எல்லாப் பேனாவுக்கும் மூடி. ஒரு மருந்துக்கடைக்காரர் "வீட்ல ஆம்பளை இல்லையா, நீ ஏன் அலையறே?" என்று கேட்டார். "இருக்காங்க, அவங்களுக்கு வேலை இருக்கு" என்றேன். வெளியே வந்தபிறகு இன்னும் நல்ல பதில் ஏழெட்டு தோன்றின. சனிக்கிழமை மறுபடி போவேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்னும் இருநூற்று ஐம்பது குறைகிறது. தெரிந்த கடை எதுவும் பாக்கி இல்லை. மாலை முழுவதும் படி ஏறலாமா வேண்டாமா என்று காப்பீட்டு அலுவலகத்துக்கு எதிரே நின்றேன். அந்த மேலாளர் கேட்ட கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லையே? ஏறினேன்.

"போன மாசம் எவ்வளவு வேணும்னு கேட்டீங்க மேடம். இருநூற்று ஐம்பது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பையன் எங்க? பேச்சாளர்?"

"பட்டறையில வெல்டிங் பண்றான்."

"நல்லது, அங்கேயே இருக்கட்டும்." இழுப்பறையைத் திறந்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

படியிறங்கி வந்து தெருவில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை. ஏனென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நவம்பர் 20, புதன்

கட்டணம் கட்டியாயிற்று. முந்தஸிர் ரசீதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், கள்ள நோட்டைப் பார்ப்பது போல. பிறகு எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தான். சர்க்கரை அளவுக்கு மேல். அவன் மன்னிப்பு கேட்டால் இப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 7, சனி, அகபா

பதினொன்றாவது இடம். கடைசிச் சுற்றில் ஒரு கம்பி கழன்று லுஜைன் பாதையோரமாக நிறுத்தவேண்டியதாயிற்று. முந்தஸிர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஏனோ அவ்வளவு துக்கமில்லை. ஓடியது. எங்கள் பேட்டரியில், எங்கள் பேரில், அத்தனை பேர் பார்க்க ஓடியது.

அபூ நாயிஃபின் ஓட்டுநர்கள் இரண்டு பேர் துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். "முதலாளி பேரு எங்கே?" என்று தேடிக் குனிந்தார்கள். பக்கத்திலேயே குனாஃபா தட்டு. "இது யாரு, முதலாளியோட பார்ட்னரா?" என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "எத்தனை பேர்ல பதினொண்ணு?" என்று கேட்டார். "இருபத்தி மூணு." கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்போ பாதிக்கு மேல நாமதான்."

டிசம்பர் 15, ஞாயிறு

விடிகாலையிலிருந்து மழை. கோட்டைச் சரிவுச் சாலை முழுக்க ஆறு மாதிரி ஓடுகிறது.

அப்பா சீக்கிரம் எழுந்துவிட்டார். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார். போன குளிர்காலத்திலிருந்தே பஸ்ஸில் பிரேக் சரியில்லையாம். இறக்கத்தில் மிதித்தால் ஒரு கணம் கழித்துத்தான் பிடிக்கிறதாம், பின்னால் அத்தனை பிள்ளைகள். பஸ் முதலாளிக்குத் தெரியும், அவராகவே மாற்றுவார் என்று காத்திருந்தாராம். இத்தனை நாள் எங்களிடம் சொன்னதே இல்லை.

"இன்னிக்கு அவரைப் பார்க்கப் போறேன்," என்றார். பிறகு மேசையில் இல்லாத எதையோ விரலால் துடைத்தார். "நீ உள்ள போனதும் முதல்ல என்ன சொல்லுவே?"

"என்ன வேணுமோ அதை முதல் வரியிலேயே சொல்லிடுங்கப்பா."

"சலாம் சொன்னப்புறம்."

"சலாம் சொன்னப்புறம்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் பேசாம இருங்க. அவங்க பேசுற வரைக்கும்."

தலையாட்டினார். வெள்ளிக்கிழமைக்கு வைத்திருக்கும் சட்டையை எடுத்துக்கொண்டு முகம் மழிக்கப் போனார். குழாய்ச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல், மெதுவாக, யாரும் கேட்கக்கூடாது என்பதுபோல:

"ஐயா, பஸ்ஸுக்குப் பிரேக் மாத்தணும்."

அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மழை மட்டும். பிறகு மறுபடி, இன்னும் கொஞ்சம் சத்தமாக.