தங்கள் ஜாக்கெட்டிலிருந்த இலோக்கானோ வாக்கியங்கள்

ஓல்டன், மாசி 1997

என் பெருமதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய கணவர் அவர்களுக்கு,

தாங்கள் மறைந்து பத்து மாதம் கழித்தே இம்மடலை வரைகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். தாமதத்திற்குக் காரணம் சந்தேகம்.

தங்கள் வேலை ஜாக்கெட்டை யாருக்காவது கொடுக்கலாமென எடுத்தபோது, உட்பையில் நான்காக மடித்த தாள்கள் இருந்தன. தலைப்பு: "இலோக்கானோ". கீழே தங்கள் கையெழுத்தில் நாற்பது வாக்கியங்கள். எதிரே தமிழ்ப் பொருள். 'மானோ டாய்டோய்' என்றால் இது என்ன விலை. 'நங்கினா' என்றால் விலை கூட. இவை கடைக்கு உரியவை என்று கொண்டேன். ஆனால் 'அனியா டி காயாட்மோ', உமக்கு என்ன வேணும்? 'உமாயாக் மானென் நோ பிகாட்', நாளைக்கும் வருவன்? யாரிடம் வருவீர்கள்?

நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் தேடினேன். பிலிப்பைன்சின் வடபகுதி மொழியாம். அதை மேல்வீட்டுப் பவானியிடம் சொன்னது என் பிழை.

"அக்கா, அண்ணை வாய் திறக்காத ஆளெல்லோ? இப்ப பாருங்கோ, ஆருக்குத் திறந்திருக்கிறார் எண்டு!"

அடுத்த வெள்ளி கோயிலில் மூவர் என்னை இரக்கத்துடன் பார்த்தனர். ஆகவேதான், அவர்களும் அறியட்டுமென்று, தங்களுக்கான இம்மடலை எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

ரயில் நிலையத்தருகே ஆசியக் கடை நடத்தும் பிலிப்பைன்ஸ் பெண்மேல் ஐயம் விழுந்தது. சென்றேன். தங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, படத்தை நீட்டினேன்.

"ஓ, வியாழக்கிழமை ஐயா! ஏன் இப்போது வருவதில்லை?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"எதற்காக வருவார்?"

"கருவாடு வாங்க. முதியோர் இல்லத்தில் எங்கள் ஊர் அம்மா ஒருவர் இருக்கிறார். மறதி நோயில் ஜெர்மன் போய்விட்டது. அவருக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க, என்னிடம் வசனம் எழுதிக்கொண்டு போவார்."

நான் நம்பவில்லை. மறுநாளே தாங்கள் சுத்தம் செய்துவந்த இல்லத்திற்குச் சென்றேன். அம்மையார் இருந்தார், எண்பது வயதிருக்கும். தாளைப் பார்த்து 'அனியா டி காயாட்மோ' என்றேன். என் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தங்களுக்கு விளங்கியிருக்கும்.

அங்கேதான் வேறொரு சந்தேகம் பிறந்தது. வானொலியையும் அகராதியையும் துணைகொண்டு நானே ஜெர்மன் கற்றேன். அலுவலகம், தபாலகம், மருத்துவர் என எங்கும் தங்கள் சார்பில் பேசியவள் நான். "எனக்குப் பாஷை ஏறாது, நீர் கதையும்" என்று பின்னால் நின்றுகொள்வீர்கள். தாங்கள் ஓரிரு சொல் முயன்றபோது, பிறர் முன்னிலையில் நான் திருத்தியதும் உண்டு.

நாற்பது வாக்கியம் ஏறியவருக்கு ஜெர்மன் மட்டும் ஏறவில்லையா? என் பெருமை குலையக் கூடாதென்று பேசாதிருந்தீர்களா? அல்லது நான் திருத்துவேன் என்று அஞ்சினீர்களா?

பதில் எதுவாயினும் சினக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன். கனவிலாயினும் விரைவாகப் பதில் தரவும்.

தங்கள் மனைவி,
மங்களேஸ்வரி