நிசாந்தனுக்காக ஓவனில் வைத்த ஆட்டுத்தொடை

நோர்பரி, லண்டன்
13.02.2005

அண்ணை, அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டதால் அவர் சொல்லச் சொல்ல வான்மதி நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அம்மா விட்டுவிடுவதை மட்டும் அடைப்புக்குள் சேர்ப்பேன்.

அன்பு மகன் நிசாந்தனுக்கு, துர்க்கை அம்மன் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம், உன் சுகம்தான் எங்களுக்கு யோசனை. இரத்தத்தில் இரும்பு காணாது என்று டொக்டர் சொன்னதாக நீ போனில் சொன்ன நாள் தொடக்கம் உன்னைத் தூரத்து அபடீனிலிருந்து கூட்டிவந்து லண்டனில் படிக்கவைப்பது என்றே நான் பிடிவாதமாக நின்றேன். விடுதியில் ஞாயிறுதோறும் ஆட்டிறைச்சியும் புதினாச் சோஸும் தருகிறார்கள், மணம் பிடிக்காமல் நீ தொடுவதில்லை என்றாய். அப்பாதான், "முதல்ல அதை நாங்கள் சமைச்சுத் திண்டு பாப்பம், ஆளைக் கூட்டிவாறதைப் பிறகு பாப்பம்" என்றார். வான்மதி பள்ளிக்கூடச் சமையல் புத்தகத்தைப் பார்த்து முழுத்தொடை வேண்டும் என்றாள். போன கிழமை அப்பா கேட்டு வாய் மூடுமுன் இறைச்சிக்கடைக் கஸ்பர் வழக்கம்போலக் கறிக்குத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார், அதைக் கறியாக்கிவிட்டோம். இன்று அப்பா கத்தியைத் தொடவேண்டாம் என்று முதலே சொல்ல, "உங்கட வீட்டில ஆர் வெள்ளைக்காரன்?" என்று கஸ்பர் கேட்டாராம். உப்பும் மிளகும் மட்டும் போட்டு ஓவனில் வைத்தேன். (மஞ்சளும் பூசினார்.) வெட்டினால் உள்ளே சிவப்பு, இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டேன். புதினாவை அரிந்து சீனியும் வினாகிரியும் சேர்த்தால் சோஸ், தேங்காய்ப்பூ போட மறந்த சம்பல் என்றார் அப்பா. நூறு கிராமில் ஏறத்தாழ இருபத்தைந்து கிராம் புரதமும் இரண்டு மில்லிகிராம் இரும்பும் இருக்கிறதாம், கீரையின் இரும்பைவிட இது சுலபமாக உடம்பில் சேருமாம் என்கிறாள் உன் தங்கை.

முதல் வாய் எனக்கு இறங்கவில்லை, உன்னை நினைத்து விழுங்கினேன். அடுத்த துண்டைப் புதினாவில் தோய்த்தேன், மணம் அடங்கிவிட்டது. (மூன்றாவதையும் நான்காவதையும் யாரும் சொல்லாமலே எடுத்தார்.) ஆகவே ராசா, நீ அங்கேயே இருந்து படி. சோஸை நிறைய விட்டுச் சாப்பிடு, சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதே, இரும்பு சேராதாம். அடுத்த மாதம் இரத்தம் சோதிக்க மறவாதே. அம்மன் உன்னோடு இருப்பாள்.

அன்பு அம்மா,
சிவனேஸ்வரி

(கையெழுத்துப் போட்டபின் அம்மா, "அவன் வாறானெண்டு அறையெல்லாம் துடைச்சு வச்சனான், சரி, கிடக்கட்டும்" என்று எழுந்துபோய், உன் அறை விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.)